அகராதி அக்காவின் நாலு ‘எல்’

உதட்டில் இரண்டு ‘எஸ்’ஸைக் கவ்விக்கொண்டு, இடது கையில் ஒரு பிடி ‘இ’யை அள்ளிக்கொண்டு, அகராதி அக்கா முக்காலி மேல் நிற்கிறார். காலை ஐந்தரை மணி. ஹோட்டலின் முன்கூடத்தில் தரை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. எதிரே சுவரில் கறுப்பு வெல்வெட் ஒட்டிய பலகை. அதில் வரி வரியாகக் கீறல்கள். வெள்ளை பிளாஸ்டிக் எழுத்துகளை அந்தக் கீறல்களில் செருகி, இன்றைக்கு எந்த அறையில் யாருடைய கூட்டம் என்பதை ஆங்கிலத்தில் அறிவிக்க வேண்டும். ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும். ஆறு அடித்தால் அவர் கீழ்த்தளத்துத் துணி அறைக்குப் போய்விடுவார். அதுதான் அவருடைய சம்பள வேலை.

அவர் எழுத்து கோக்கும் விதத்தைப் பார்த்தால் புதிதாய் வந்தவர்களுக்குத் தலை சுற்றும். ஒரு சொல்லை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற பழக்கமே கிடையாது. முதலில் மேலிருந்து கீழ்வரை ‘இ’ வரவேண்டிய இடத்தில் எல்லாம் ‘இ’. மற்ற இடம் காலி. அப்புறம் ‘ஏ’, அப்புறம் ‘டி’, ‘எஸ்’ என்று ஒவ்வோர் எழுத்தாக நிரப்பிக்கொண்டு வருவார். பாதி வேலையில் பலகை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். ‘எல்’ மட்டும் எப்போதும் கடைசி. காரணம் இருக்கிறது. பெட்டியில் ‘எல்’ நாலே நாலுதான். எங்கே அது இல்லாமல் தீராது என்று பார்த்த பிறகே கையில் எடுப்பார்.

“மத்த எழுத்தெல்லாம் வீட்டு ஆளுங்க. இது மாப்பிள்ளை. எல்லாரும் உக்காந்தப்புறம்தான் வரும்” என்பார்.

மேலாளர் தன் சீட்டில் ‘ஸ்மால் ஹால்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போச்சு. அந்த இரண்டு சொல்லுக்கே நாலு மாப்பிள்ளைகளும் போய்விடுவார்கள். ‘வெல்கம்’ என்று வரவேற்க ஒருத்தரும் மிஞ்சமாட்டார். அக்கா அசரமாட்டார். இருக்கிற எழுத்துகளை மனசுக்குள்ளேயே கலைத்துப் போட்டு, ‘ரூம் டூ’ என்று மாற்றி வைத்துவிட்டு இறங்குவார். விருந்தாளிகளும் சரியான இடத்துக்குத்தான் போய்ச் சேருவார்கள். புதுப் பெட்டி வாங்கித் தருவதாக இதுவரை மூன்று மேலாளர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேரும் மாற்றலாகிப் போனார்கள், எழுத்து வரவில்லை. வராததும் நல்லதாகப் போயிற்று. எழுத்துகளைக் கலைத்து வேறு சொல் பண்ணுகிற வித்தை அவருக்குப் பழகியது அந்தத் தட்டுப்பாட்டில்தான்.

அகராதி என்ற பெயர் முதலில் வசவாகத்தான் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கறை போகாத ஒரு படுக்கை விரிப்பைத் திருப்பிப் போட்டு ஓர் அறைக்கு அனுப்பச் சொன்னார் அப்போதிருந்த மேலாளர். அக்கா முடியாது என்றார். தலைகீழாக நின்றாலும் முடியாது என்றார். “இந்தம்மாவுக்கு அகராதி புடிச்சிருக்கு” என்று அவர் பொரிந்து தள்ளிவிட்டுப் போக, அன்று சாயங்காலத்துக்குள் மாடிப்படி கூட்டுகிறவர்வரைக்கும் அவரை அகராதி அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். விரிப்பு மட்டும் அறைக்குப் போகவில்லை.

நிஜமான அகராதி இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. இருநூற்றுப் பதினாலாம் அறையில் யாரோ விட்டுப்போன பழைய ஆங்கில–தமிழ் அகராதி. விட்டுப்போன பொருளை ஒரு வருடம் பூட்டி வைக்க வேண்டும், யாரும் தேடி வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே கொடுத்துவிடலாம் என்பது ஹோட்டல் விதி. குடை, மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு என்று எத்தனையோ வந்து போயிருக்கின்றன. அக்கா எதையும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த ஒன்றுக்காக நாள் எண்ணினார். ஒவ்வொரு தடவை முன்கூடத்தில் தொலைபேசி அடிக்கும்போதும், புத்தகக்காரர்தான் கேட்கிறாரோ என்று காதைத் தீட்டிக்கொள்வார். கேட்கவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து பார்த்தால் அட்டை இல்லை, முன்பக்கத்தில் ஒரு கத்தை கிழிந்து போயிருக்கிறது. புத்தகமே ‘பி’யில்தான் தொடங்கியது. அதனால் இன்றைக்கும் ‘ஏ’யில் தொடங்குகிற சொல் எதையாவது கேட்டால், “அது எனக்கு வந்து சேரலை” என்று சொல்லிவிடுவார். வெட்கமெல்லாம் கிடையாது.

படித்தது எட்டாவது. ஆங்கிலத்தில் பேச வராது. விருந்தாளி யாராவது வழியில் நிறுத்தித் துண்டு கேட்டால் கொடுத்துவிட்டுச் சிரிப்பார், அவ்வளவுதான். “வாக்கியம் நமக்கு வராதுங்க. ஒத்தை ஒத்தையா கேளுங்க, சொல்றேன்.” ஒற்றை ஒற்றையாகக் கேட்டால் நீங்கள்தான் களைத்துப்போவீர்கள். அதுவும் அந்தக் காலத்துப் புத்தகம் அல்லவா, இப்போது யாரும் பயன்படுத்தாத பொருளெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு நாம் ஒரு பொருள் சொல்லி முடிப்பதற்குள் அவர் அதன் பாட்டன் பூட்டன் பொருளையெல்லாம் வரிசையில் நிறுத்திவிடுவார்.

மனப்பாடம் செய்வதற்கு அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். துணி மடிக்கும்போது ஒரு மடிப்புக்கு ஒரு பொருள். சின்னத் துண்டு என்றால் இரண்டு பொருள் உள்ள சொல். குளியல் துண்டுக்கு நாலு. ஏழு, எட்டு என்று பொருள் பெருத்த சொற்களை இரட்டைக் கட்டில் விரிப்பு வரும்வரை நிறுத்தி வைத்திருப்பார். “இன்னைக்கு பெரிய விரிப்பு நிறைய வருது, நல்லதாப் போச்சு” என்று அவர் சந்தோஷப்படுவது துணி அறையில் வேலை செய்யும் மற்றவர்களுக்கு விளங்கியதே இல்லை. விரிப்பு நிறைய வந்தால் அவர்களுக்கு இடுப்பு வலி.

கணவர் நாலு தெரு தள்ளி சலூன் வைத்திருக்கிறார். ஒரே ஒரு நாற்காலிக் கடை. வாடிக்கையாளர் கன்னத்தில் நுரையைப் பூசிவிட்டு, கத்தியைக் கையில் பிடித்தபடி, “நேத்து எங்க வீட்டம்மா ஒரு வார்த்தை சொன்னா பாருங்க” என்று ஆரம்பிப்பார். நுரை காய்ந்துபோகும். கத்தி அவர் கையில் இருப்பதால் வாடிக்கையாளரும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். சொன்ன சொல்லில் பாதி தப்பாக இருக்கும். பெருமையில் மட்டும் ஒரு குறையும் இருக்காது.

இந்த வருடம் நடந்ததைச் சொல்லாவிட்டால் அக்காவைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது.

ஆங்கிலச் சொல் விளையாட்டில் பித்துப் பிடித்தவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. வருடா வருடம் இதே ஹோட்டலில் இரண்டு நாள் கூடுவார்கள். இரண்டாம் நாள் ஒரு போட்டி. எழுத்தைக் கலைத்துப் போட்டுச் சொல் காண்பது, பழைய சொல்லுக்குப் பொருள் எழுதுவது. ‘யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்’ என்கிற ஆங்கில வரியை அக்காவே பலகையில் மூன்று வருடமாகக் கோத்திருக்கிறார். இந்த வருடம் அதைக் கோத்து முடித்துவிட்டு முக்காலியில் இருந்து இறங்கியவர், நேரே மேலாளர் அறைக்குப் போனார்.

“யார் வேணும்னாலும்னு நானே வெச்சிருக்கேன். அந்த யார் வேணும்னாலும்ல நான் உண்டா, இல்லையா?”

மேலாளர் வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை. அவருக்கு ஹோட்டலின் பெயர்தான் உயிர். “அக்கா, விருந்தாளிங்க முன்னாடி நம்ம ஆளுங்க யாரும் உக்காரக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“அன்னைக்கு நான் லீவு.”

மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார். “சரி. யூனிபார்ம் இல்லாம வாங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அவங்க எல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க. அவங்க சிரிக்கிற மாதிரி ஏதாவது ஆச்சுன்னா, அந்த போர்டு முன்னாடி தினமும் உங்களை நான் நிக்க வெக்க முடியாது. வேற ஆளைப் போட்டுடுவேன்.”

“சரிங்க” என்றார் அக்கா.

பயம் இல்லாமல் இல்லை. அந்தப் பலகை போய்விட்டால் அவருக்கு மிஞ்சுவது துண்டும் விரிப்பும்தான். ஒரு நாளில் அரை மணி நேரம் அவர் அவராக இருப்பது அந்த முக்காலி மேல்தான். கணவர் கேட்டார்: “ஏம்மா, தோத்தாக்கூட பரவாயில்ல. போர்டை எடுத்துட்டா நீ என்ன பண்ணுவ?”

“எடுக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார்.

போட்டி நாளில் அவருக்கென்று வைத்திருந்த நாற்காலியில், தான் முந்தின நாள் தேய்த்துக் கொடுத்த வெள்ளை மேசை விரிப்பின் முன்னால் உட்கார்ந்தார் அக்கா. பத்தொன்பது வருடமாக அந்தக் கூடத்துக்குத் துணி அனுப்புகிறவர், அதில் உட்கார்வது அன்றுதான் முதல் தடவை. கணவர் கடையை அடைத்துவிட்டு வந்து, சட்டைப் பையில் சீப்போடு பின்சுவரில் சாய்ந்து நின்றார். கதவருகே மேலாளர்.

முதல் சுற்று கலைந்த சொற்களைச் சேர்ப்பது. அதெல்லாம் அக்காவுக்குக் காலைக் காப்பி குடிக்கிற மாதிரி. முப்பது பேர் எட்டுப் பேரானார்கள். எட்டில் அவரும் ஒருவர். கடைசிச் சுற்றுக்கு ஒரே ஒரு சொல். பன்னிரண்டு நிமிஷம். அந்தச் சொல்லின் எழுத்துகளை மாற்றிப் போட்டால் கிடைக்கிற சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கொடுத்த சொல்லின் பொருள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. பொருளைத் தமிழில் எழுதலாம். சங்கத் தலைவி ஒரு பல் டாக்டர். அவர் திரையை விலக்கினார். ‘ஸ்டேல்’ என்று இருந்தது. சமையலறையில் தினமும் காதில் விழுகிற சொல்தான். ஆறிப் பழசாய்ப் போனதைத் தூக்கிக் கொட்டும்போது சொல்வது. எஸ், டி, ஏ, எல், இ. ஐந்தே எழுத்து.

அக்கா முதலில் பொருளைப் பிடித்தார். மடியில் முந்தானையை வைத்து மடிக்க ஆரம்பித்தார். ஒரு மடிப்பு, ஒரு வரி. ஏழு மடிப்பு வந்தது, ஏழு வரி எழுதினார். பக்கத்து மேசைக்காரர் இவர் புடவையோடு என்ன செய்கிறார் என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்து, தன் நேரத்தைத்தான் வீணாக்கிக்கொண்டார்.

பிறகு எழுத்து மாற்றம். ஒன்பது சொல் அவருக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. கற்பலகைக்கு ‘ஸ்லேட்’, கதைகளுக்கு ‘டேல்ஸ்’, இன்னும் திருடுவது, எல்லாவற்றிலும் குறைந்தது, ஒரு வகை வாத்து, எழுத்துப் பொறித்த கல் என்று வரிசையாக. கை தானாக ஓடியது. பதினாலு வருடம் பலகை முன்னால் நின்ற கை. ஒன்பது வரியிலும் முதலில் ‘இ’. பிறகு ஒன்பது வரியிலும் ‘ஏ’. பிறகு ‘டி’. பிறகு ‘எஸ்’. காகிதம் என்பதோ, இங்கே எழுத்துக்குப் பஞ்சம் இல்லை என்பதோ அந்தக் கைக்குத் தெரியவில்லை. இனி மாப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியதுதான் என்று பேனாவை மேல் வரிக்குக் கொண்டுபோனார். மணி அடித்துவிட்டது.

அடித்த பிறகு பேனாவைத் தொடக்கூடாது. அக்கா தொடவில்லை. ஒன்பது சொல், ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை. காகிதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைவி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டு வந்தவர் இதில் நின்றார். “அம்மா, இது என்ன? ஒன்பதுலயும் ஒரே எழுத்து இல்லையே?”

“எங்க பெட்டியில அது நாலுதாங்க இருக்கு. அதனால கடைசியிலதான் போடுவேன். பழக்கம். கை அப்படியே போயிடுச்சு.”

கூடம் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது; ஆனால் சிரிப்பு சிரிப்புதானே. கதவருகே மேலாளரின் முகம் சுருங்கியதை அக்கா பார்த்தார். பின்சுவரில் கணவர் சீப்பை எடுத்து, தலையை வாராமலே மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

“முழுசா இல்லாத சொல்லுக்கு மார்க் குடுக்க முடியாதும்மா” என்றார் தலைவி.

“வேண்டாங்க. தப்பு என் மேலதான்.”

தலைவி பொருள் பக்கத்தைப் புரட்டி, சத்தமாகவே வாசித்தார். பழசாகிச் சுவை கெட்டது. நீண்ட கருவியின் கைப்பிடி. ஏணியின் படி. பறவைகளை ஏமாற்றிப் பிடிக்க வைக்கும் பொய்ப்பறவை. எல்லாரும் சிரிக்கும்படி ஆளாகிறவர். ஆறாவதில் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, “குதிரை, மாடு இதுங்களோட மூத்திரம்” என்று வாசித்தார். கூடம் மறுபடி சிரித்தது. ஏழாவது: நெடுநாள் நின்று தெளிந்து வீரியம் கூடிய மது.

முன்வரிசையில் ஒரு கப்பல் கம்பெனி அதிகாரி எழுந்தார். மூன்று வருடமாக முதல் பரிசு அவருக்குத்தான். “மன்னிக்கணும். கெட்டுப் போனதுன்னு ஒரு இடத்துல எழுதிட்டு, வீரியம் கூடினதுன்னு இன்னொரு இடத்துல எழுதினா எப்படி? நேர் எதிரா இருக்கே. தோணினதை எல்லாம் எழுதினா மார்க்கா?”

தலைவி அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்து நிற்கப் போனார். “உக்காந்தே சொல்லுங்கம்மா” என்றார் தலைவி.

அக்கா உட்கார்ந்தே சொன்னார். “முதல்ல அது திட்டு இல்லீங்க. மதுவைக் காய்ச்சி, ஆட்டாம அசைக்காம அப்படியே நிக்க விடுவாங்களாம். நிக்க நிக்கக் கசடு அடியில போயிடும், மேல தெளிஞ்சு வரும், காரம் ஏறும். அப்படி நின்னு தேறினதுக்குத்தான் இந்தப் பேரு. அப்புறமா வந்தவங்கதான், நின்னதெல்லாம் கெட்டதுன்னு ஆக்கிட்டாங்க. ரெண்டும் புத்தகத்துல இருக்கு. நான் தோணினதை எழுதலை. எனக்குத் தோணுறதை எழுதற அளவுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மேடையில் சங்கத்தின் பெரிய அகராதி தலையணை கனத்துக்குக் கிடந்தது. தலைவி போய்ப் பிரித்தார். விரலை வைத்துக் கீழே கீழே இறங்கினார். பக்கம் திருப்பினார். மறுபடி இறங்கினார். சாவகாசமாகப் பார்த்தார் அந்த அம்மாள்.

“இருக்கு” என்றார். “ஏழும் இருக்கு. நம்ம பட்டியல்லயே அஞ்சுதான் இருந்துது. பட்டியலை மாத்திக்கணும்.”

பின்சுவரில் இருந்து ஒரே ஒரு ஆள் கை தட்டினார். சலூன் கடைக்காரருக்கு எங்கே தட்டலாம், எங்கே தட்டக்கூடாது என்று தெரியாது. பிறகு அதிகாரி தட்டினார். சும்மா சொல்லக்கூடாது, நிஜமாகவே தட்டினார். அப்புறம் கூடமே தட்டியது.

ஏழு பொருளுக்குப் பதினாலு. அதிகாரிக்குப் பதினாறு. அக்காவுக்கு இரண்டாம் பரிசு. அந்த ஒன்பது ‘எல்’லையும் போட்டிருந்தால் இருபத்து மூன்று என்று கணவர் அங்கேயே விரல் விட்டுப் பார்த்து, பக்கத்தில் நின்றவர்களிடம் எல்லாம் சொன்னார். இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கத்தி கையில் இருப்பதால் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

மேலாளர் வேகமாக வந்தார். முகத்தில் சுருக்கம் எல்லாம் போயிருந்தது. “அக்கா, நாளைக்கு போர்டுல ஜெயிச்சவங்க பேரை வெக்கணும். உங்க பேரையும் வெச்சிடுங்க.”

“வெக்கிறேன். என் பேருல ரெண்டு ‘எல்’ வருது. மேல எதையாவது மாத்திக்கணும்.”

போட்டோ எடுக்க மேடை முன்னால் நாலு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். நடுவில் தலைவி, ஒரு பக்கம் அதிகாரி, மறுபக்கம் அக்கா, அவரை அடுத்து மூன்றாம் பரிசுக்காரர். இடம் கொடுத்தவர் என்ற முறையில் மேலாளரும் வரிசையில் இருக்க வேண்டும் என்றார் தலைவி. நாற்காலி ஒன்று குறைந்தது. மேலாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு அவர் கண் அக்கா மேல் வந்து நின்றது. வேண்டுமென்று செய்ததல்ல, பழக்கம்தான். புருவத்தை லேசாக ஏற்றி, எழுந்து பின்னால் போய் நிற்கும்படி முகவாயால் நாற்காலிகளுக்குப் பின்புறத்தைக் காட்டினார். பத்தொன்பது வருடமாக எந்த மேலாளர் காட்டினாலும் அந்தச் சைகைக்கு அக்கா எழுந்திருக்கிறார். இப்போதும் இரண்டு கையும் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்து ஊன்றிவிட்டன.

போட்டோக்காரர், “ரெடியா?” என்றார்.

அக்கா கைப்பிடியை விட்டார். முதுகை நன்றாகச் சாய்த்து, வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் போட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்தார்.